தேயிலை பிடுங்க அனுமதி

பொதுமகன் ஒருவரிடமிருந்து கடிதம் கிடைத்தால், அது கிடைத்ததாக உடனே அறிவிக்க வேண்டும். முடிவெடுக்கக் காலம் பிடிக்குமானால் இடைக்காலப் பதில் ஒன்று அனுப்ப வேண்டும். கடிதம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியிலேயே பதிலும் போக வேண்டும். வேறு அலுவலகத்துக்கு உரிய கடிதம் என்றால் அங்கே அனுப்பிவிட்டு, அனுப்பிய செய்தியை எழுதியவருக்கும் தெரிவிக்க வேண்டும்.

இதை நான் புத்தகம் பார்க்காமல் சொல்கிறேன். எழுதுவினைஞனாகச் சேர்ந்து பிரதம எழுதுவினைஞனாக ஓய்வு பெறும்வரை முப்பத்து நான்கு வருடங்கள் பதுளைப் பக்கத்து அரச அலுவலகங்களில் இருந்தேன். ஓர் அலுவலகத்தில் இந்த விதியைத் தட்டச்சு செய்து, தேநீர்க் கேத்தலுக்கு மேலே சுவரில் நானே ஒட்டினேன். தண்ணீர் கொதிக்கும்வரை எல்லோரும் அதை வாசித்தார்கள். கொதித்த பிறகு அவரவர் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு நானும் ஒரு பொதுமகன் ஆனேன். பொதுமகனாக நான் எழுதிய ஒரே ஒரு முக்கியமான கடிதம் தேயிலைச் செடிகளைப் பற்றியது.

ஓய்வுக்கு முந்திய வருடம் கொஸ்லந்தைக்குக் கீழே இரண்டு ஏக்கர் காணி வாங்கினேன். ஏன் வாங்கினாய் என்று கேட்டால், உறுதிப் பத்திரம் சுத்தமாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியாது. அவ்வளவு சுத்தமான உறுதியை என் உத்தியோக காலத்தில் நான் பார்த்ததில்லை. யாரோ ஒருவர் சிறிய அளவில் தேயிலை போட்டிருந்த இடம். அவர் இறந்து, பிள்ளைகள் கவனிக்காமல் விட்டு, இருபது வருடங்களுக்கு மேல் கவ்வாத்து என்பதே நடக்கவில்லை. கத்தி படாத தேயிலை செடியாக இருக்காது, மரமாகிவிடும். இரண்டாள் உயரத்துக்குப் போய், வெள்ளைப் பூ பூத்து, காய் காய்த்து நின்றது. கீழே வெயில் விழாது. நான் ஹாலிஎலையில் வீட்டில் இருந்துகொண்டு, வருடத்துக்கு ஒருமுறை போய் எல்லைக் கற்களை எண்ணிவிட்டு வருவேன்.

அந்தக் காணிக்குத்தான் என் தம்பி குடும்பத்தோடு வந்து சேர்ந்தான்.

தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். இரண்டு பேரும் ஹாலிஎலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தோம். நான் படித்தேன். அவன் இனக்கலவரத்துக்குப் பிறகு வவுனியாப் பக்கம் காணி கிடைக்கிறதென்று கேள்விப்பட்டுப் போனான். காணி கிடைத்தது, சண்டையும் வந்தது. அங்கிருந்து படகில் இராமேஸ்வரம். பிறகு தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாம். முப்பது வருடங்கள் ஊரார் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தான். முகாமிலேயே கல்யாணம், முகாமிலேயே ஒரு மகள். ஐம்பத்தெட்டாவது வயதில், மனைவியோடும் இருபத்திரண்டு வயது மகளோடும் கட்டுநாயக்காவில் வந்து இறங்கினான். மனைவி வன்னியிலிருந்து பன்னிரண்டு வயதில் போனவள். மகள் இந்த நாட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

அவர்களுடைய பத்திரங்களை எல்லாம் நான்தான் செய்து கொடுத்தேன். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பதிவு, பிரஜாவுரிமை, அடையாள அட்டை. மற்றவர்கள் வருடக்கணக்கில் அலையும் வேலை. எந்தப் படிவத்தோடு எதை இணைக்க வேண்டும், எந்த மேசைக்கு எந்தக் கிழமையில் போகவேண்டும் என்று எனக்குத் தெரியும். மகளின் அடையாள அட்டை கைக்கு வந்த அன்று தம்பி அதை இரண்டு கையாலும் வாங்கி, "அண்ணன் கை பட்டா காகிதம் நடக்கும்" என்றான். அன்றிலிருந்து என்னைக் கேட்காமல் அவன் எதுவும் செய்வதில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது. இதை மறைப்பதில் பயனில்லை.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. இனி அடுத்தவன் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதில்லை, தன் கையால் காய்கறி போட்டுப் பிழைக்க வேண்டும். காணி இருக்கிறது, எடுத்துக்கொள் என்றேன். பலகையும் தகரமுமாக ஒரு வீடு போட்டான். மேலே ஊற்றிலிருந்து குழாய் இழுத்தான். பாகல், புடோல், பயற்றங்காய் என்று பந்தல் போடுவதாகத் திட்டம். விதையெல்லாம் அவன் மனைவி முகாமில் வீட்டுக்குப் பின்னால் போட்ட கொடிகளிலிருந்து எடுத்து வந்தது. வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவர அனுமதி வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அவள் யாரையும் கேட்கவில்லை. ஒரு பழைய சேலைக்குள் முடிந்து கொண்டுவந்துவிட்டாள்.

வந்த வாரமே என்னிடம் அவள் தன் நிபந்தனையைச் சொன்னாள். கணவனின் அண்ணன் என்பதால் என்னை மாமா என்று கூப்பிடுவாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. முப்பது வருஷம் இன்னிக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னே உக்காந்திருந்தாச்சு. இனிமே அப்படி உக்கார எனக்குத் தெம்பில்ல. இந்த ஒரு மழைக்கு இருப்போம். தை பொறக்கறதுக்குள்ள பந்தல்ல காய் தொங்கணும். இல்லேன்னா மொனராகலைக்குப் போயிருவோம். அங்க என் தங்கச்சி வீட்டுக்காரரு கரும்புல வேலை வாங்கித் தரேன்னு சொல்லியிருக்காரு."

"கூலி வேலையா?"

"கூலி வேலைதான். தெரிஞ்ச வேலை."

தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒரு மழைக்காலம்தான் தவணை என்பது எங்கள் மூன்று பேருக்கும் அன்றே தெரியும்.

ஆகஸ்டில் துப்புரவு தொடங்கினான். மானாப்புல்லையும் முட்புதரையும் பத்து நாளில் வெட்டிக் குவித்தான். பிறகு தேயிலைக்கு வந்தான். அன்று நானும் போயிருந்தேன். முதல் மரத்தின் அடியில் மண்வெட்டியை ஓங்கினான். ஓங்கியது கீழே வரவில்லை. மெதுவாக இறக்கி, மண்வெட்டிக் காம்பில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, இதப் புடுங்கலாமா?"

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்காது. எங்கள் தோட்டத்தில் ஒரு பிள்ளை மாமரத்தில் கல்லெறியலாம், ஆற்றில் விழலாம், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருக்கலாம். தேயிலைச் செடியில் கை வைக்கக் கூடாது. தம்பி ஏழு வயதில் கிட்டிப்புள்ளுக்கு ஒரு தேயிலைக் கிளையை வெட்டினான். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், கங்காணி அந்தக் குச்சியை எங்கள் அப்பா கையில் கொடுத்து எல்லோருக்கும் முன்னால் நிற்க வைத்தார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு பெரட்டு முடியும்வரை நின்றார். வீட்டுக்கு வந்து அடிக்கவில்லை. அடித்திருந்தால் தம்பி மறந்திருப்பான்.

ஆகவே அவன் கேட்டது சட்டம் அல்ல. பிடுங்கு என்று யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் அதை ஒரு சட்டக் கேள்வியாக எடுத்துக்கொண்டேன்.

"தேயிலையை வேரோடு அகற்ற முன்அனுமதி வேண்டும். எழுதிக் கேட்போம். அதுவரை தொடாதே" என்றேன்.

"சரிண்ணே" என்றான். அவன் முகத்தில் தெரிந்தது நிம்மதி என்று இப்போது நினைக்கிறேன். அன்று நான் அதைக் கவனிக்கவில்லை. மனதுக்குள் விண்ணப்பத்தின் முதல் பந்தியை எழுதிக்கொண்டிருந்தேன்.

நல்ல விண்ணப்பம் அது. உறுதியின் பிரதி, நில அளவை வரைபடம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், மரங்களின் தொகை, நான்கு பக்கத்திலிருந்தும் எடுத்த புகைப்படங்கள். பின்னிணைப்புகளுக்கு அ, ஆ என்று எழுத்திட்டேன். தேயிலைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு ஒன்று, காணிக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு ஒரு பிரதி. பதுளைத் தபாற்கந்தோரில் பதிவுத்தபாலில் போட்டேன். மூன்று கிழமை, மிஞ்சினால் ஐந்து கிழமை என்று தம்பியிடம் சொன்னேன். எந்த அடிப்படையில் சொன்னேன் என்று தெரியவில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் மூன்று கிழமையில் அனுப்பியிருப்பேன் என்பதுதான் அடிப்படை.

செப்டம்பர் போனது. கிடைத்ததாகக்கூட ஓர் அறிவித்தல் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். முதலாவது நினைவூட்டல் என்று தலைப்பிட்டேன். முதலாவது என்று போட்டால் இரண்டாவதும் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

தம்பி ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு எழுந்து, தேநீர் குடித்துவிட்டு, மண்வெட்டியோடு போய்த் தேயிலைக்கு முன்னால் நிற்பான். பந்தல் எங்கே வரும், வாய்க்கால் எங்கே போகும் என்று பார்த்துக்கொண்டு நிற்பானாம். பிறகு ஓரத்தில் ஏதாவது கொத்துவான். சிறுவயதுக் கதைகளை மகளிடம் சொல்லியிருக்கிறான் போலும். அவள் அதற்குப் பெயர் வைத்துவிட்டாள்.

"பெரியப்பா, அப்பா பெரட்டுக்குப் போயிருக்காரு. பேர் கூப்பிடத்தான் ஆளில்ல."

"பதில் வரும்" என்றேன்.

"எப்ப? நான் கெழவியாறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"நடைமுறை என்று ஒன்று இருக்கிறது, பிள்ளை."

"தெரியும் பெரியப்பா. நான் பொறந்ததே க்யூவுலதான்."

ஒக்டோபர் கடைசியில் இடியோடு மழை பிடித்தது. விதை போட இடம் வேண்டும். வீட்டைச் சுற்றியிருந்த துண்டு நிலத்திலும், பழைய உரப்பைகளில் மண் நிரப்பியும் போட்டார்கள். மிச்சத்தைத் தேயிலை மரங்களுக்கிடையில் கிடைத்த இடைவெளிகளில் ஊன்றினார்கள். எல்லாம் முளைத்தன. தம்பியின் மனைவி தொலைபேசியில் சொன்னபோது அவள் குரல் சின்னப் பெண்ணுடையதைப் போல இருந்தது. கொடிகள் ஏறுவதற்குப் பந்தல் இல்லாததால் தேயிலை மரங்களில் ஏறின. நிழலில் வெயிலைத் தேடி உயரமாக, நூல்போலப் போயின. இலை வெளிறியது. பூ பிடித்தது, காயாகவில்லை. வீட்டோரத்தில் காய்த்ததைக் குரங்குகள் பறித்தன. குரங்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

உரமும் விதையும் விற்கும் கடை ஒன்று பஸ் நிற்கும் இடத்தில் இருக்கிறது. முதலாளி பண்டாரவளையிலிருந்து வந்து கடை போட்ட முஸ்லிம் மனிதர். என் வயதுதான். பந்தல் கம்பி வாங்கிவைப்போம் என்று ஒருநாள் போனேன்.

"கம்பி எத்தின கிலோ சேர்?"

"விலை மட்டும் சொல்லுங்க. அனுமதி வந்தவுடன் வாங்குகிறேன்."

"என்ன அனுமதி?"

சொன்னேன். அவர் தராசுக் கல்லைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அல்லாவே! காட்டுத் தேயிலையப் புடுங்கவா கடிதம்? சேர், உங்கட காணிக்கு மேலுக்கு ஒருத்தர், கீழுக்கு ரெண்டு பேர், எல்லாரும் புடுங்கிட்டு மிளகு போட்டிருக்காங்க. யாரையும் கேக்கல்ல. யாரும் வந்து கேக்கவும் இல்ல."

"அது அவர்கள் செய்த தவறு."

"தவறுதான். நல்ல வெளச்சல்" என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "கோவிச்சிக்காதீங்க சேர். அந்த மனுசன் பாவம். நேத்தும் வந்து கம்பியத் தொட்டுப் பாத்திட்டுப் போனாரு" என்றார்.

கம்பி வாங்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது இரண்டாவது நினைவூட்டலை யோசித்தேன்.

அனுப்பிவிட்டு இரண்டு கிழமை கழித்து நேரிலேயே போனேன். தேயிலை அலுவலகத்தில், அது காணி சம்பந்தப்பட்டதால் காணி அலுவலகத்தின் அபிப்பிராயத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். காணி அலுவலகத்தில் பிரதம எழுதுவினைஞராக இருப்பவர் ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பழகிய பெண். எழுந்து நின்று வரவேற்றார், தேநீர் வரவழைத்தார். கடிதக் கோவையைக் கண்டுபிடித்து மேசையில் வைத்தார். என் விண்ணப்பம் மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது.

"சேர் எழுதினதுன்னு பார்த்தவுடனே தெரிஞ்சது. புதுப் பிள்ளைகளுக்கு மாதிரிக்குக் காட்டினேன்" என்றார்.

"பதில்?"

"அதுதான் சேர் பிரச்சினை. ஒரு பின்னிணைப்புக் குறைஞ்சிருந்தாலும் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்போம். ஒரு குறையும் இல்லை. இனி யாராவது முடிவெடுக்கணும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நாற்காலியில் இருந்தபோது நானும் இதே காரணத்துக்காகச் சில நல்ல விண்ணப்பங்களை வைத்திருந்தேன். தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் நடுவில் காணிக்குப் போனபோது தம்பியின் மனைவி வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். தம்பி குழாயைச் சரிபார்க்க மேலே போயிருந்தான். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

"மாமா, இன்னும் ஒரு மாசம் மழை இருக்கு. இன்னிக்குப் புடுங்கினாலும் பயத்தங்காயாவது வந்துரும். விதை வச்சிருக்கேன்."

"அடுத்த கிழமை திரும்பவும் போய்க் கேட்கிறேன்."

"அவரு அந்த ஆபீசுக்காகவா காத்துக்கிட்டு இருக்காரு? ஒங்க வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு. புடுங்குடா தம்பின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கு ராத்திரிக்குள்ள ஒரு பந்தலுக்கு வேண்டிய எடத்துல மூணு பேருமாப் புடுங்கிருவோம்."

"யாராவது வந்து வழக்குப் போட்டால்?"

"போட்டா யாருக்கு?"

"உறுதி என் பெயரில் இருக்கிறது. எனக்குத்தான்."

"அப்ப பயம் ஒங்களுக்கு. எங்களுக்கு வம்பு வரும்னு சொன்னீங்களே இத்தன நாளா."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. கொய்யாக் கிளையில் ஒரு துணி காய்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் உள்ளே போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்தில் நின்ற முதல் மரத்தின் அடியைக் கொத்தத் தொடங்கினாள். தேயிலையின் வேர் அப்படி இலேசில் வராது. நாலைந்து கொத்துக்குப் பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. சத்தம் கேட்டுத் தம்பி மேலிருந்து ஓடி வந்தான். சறுக்கி விழுந்து எழுந்து வந்தான். அவள் கையைப் பிடித்து மண்வெட்டியை வாங்கினான்.

"விடுங்க. நான் புடுங்குறேன். எனக்கு ஒங்க பெரட்டும் தெரியாது, கங்காணியும் தெரியாது."

"விடு புள்ள. அது தேயிலை."

அவன் சொன்னது அவ்வளவுதான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். இரண்டாவது தடவையாக. நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "புது வருஷத்துக்கு முன் பதில் வந்துவிடும்" என்றேன்.

அவன் மண்வெட்டியைக் குழாயடியில் கழுவி, காயவைத்து, உள்ளே கொண்டுபோய் வைத்தான். மகள் வந்து அம்மாவின் கையில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்தாள். அன்று அவள் என்னைக் கேலி செய்யவில்லை.

பொங்கலை அங்கேயே வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். வீட்டோரத்தில் தப்பியிருந்த மூன்று பாகற்காயைப் பறித்துத் தம்பியின் மனைவி குழம்பு வைத்தாள். எல்லோரும் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் சாமான்களைக் கட்டினார்கள். நான் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை போனேன். வெல்லவாயவுக்குப் போய் அங்கே மாறி மொனராகலைக்குப் போக வேண்டும். கடை முதலாளி வெளியே வந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னோடு பேசவில்லை.

"பதில் வந்தால் சொல்கிறேன். திரும்பி வரலாம்" என்றேன்.

தம்பி தன் மனைவியைப் பார்த்தான். அவள்தான் பதில் சொன்னாள்.

"இல்ல மாமா. இனி எங்கயும் காத்துக்கிட்டு இருக்க மாட்டோம். இவரு மூணு வருஷத்துக்கு வேலை செய்யறேன்னு சொல்லியாச்சு."

"அண்ணே, கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும்தான் இருக்கு. வெளிய ஒரு பூட்டுப் போட்டுருங்க" என்றான் தம்பி. பஸ் வந்தது. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். நானும் அசைத்தேன். பஸ் போன பிறகு பூட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பூட்டினேன். ஹாலிஎலைக்கு வந்து சோறு வடித்துச் சாப்பிட்டுத் தூங்கினேன். தூக்கம் வந்தது.

ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத் தேயிலை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தமிழில், பிழையில்லாமல், அரைப் பக்கம். மேற்படி காணி நீண்ட காலமாகப் பராமரிக்கப்படாததால் தேயிலைக் காணிகளின் பதிவேட்டிலிருந்து ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே அதிலுள்ள மரங்களை அகற்ற எவ்வித அனுமதியும் தேவையில்லை. விண்ணப்பதாரர் அனுமதி கோரியிருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதையும் தயவுடன் அறியத்தருகிறோம்.

இரண்டு தடவை வாசித்துவிட்டுத் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். பின்னால் ஆட்கள் பேசும் சத்தமும் உழவு இயந்திரத்தின் சத்தமும் கேட்டன. கடிதத்தை முழுவதுமாக வாசித்துக் காட்டினேன்.

"அப்ப அன்னிக்கே புடுங்கியிருக்கலாமாண்ணே?"

"ஆமாம்."

பின்னால் யாரோ அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"சரிண்ணே. இங்க கூப்பிடுறாங்க. வச்சிடறேன்."

வைத்துவிட்டான். நான் மேசையில் உட்கார்ந்து, கடிதத்தின் வலது மேல் மூலையில், கிடைத்த திகதியைச் சிவப்பு மையால் எழுதினேன். பெப்ரவரி பத்தொன்பது, புதன்கிழமை.